ஐஸ் பெட்டிக்குத் திட்ட அறிக்கை

...வாரத்துக்கு மூணு தடவ வருவாருன்னு எழுதி வச்சிருக்கான் தங்கச்சி, நம்ம லோன் பேப்பர எழுதித் தந்த பய. ஒரு கஸ்டமரு வாரத்துக்கு மூணு தடவ. எதுக்கு? துட்டி வீட்டு ஐஸ் பெட்டிக்கி. செத்தவங்கள உள்ள வச்சி, கரண்டு குடுத்து மூடுவாவல்லா, கண்ணாடிப் பெட்டி, அதுக்கு. நீங்களே சொல்லுங்க, ஒரு மனுசன் வாரத்துக்கு எத்தன தடவ சாவான்?

இல்ல இல்ல, நீங்க சன்னலோரமே இருங்க. எனக்கு இங்கனயே போதும். ஃபைலு மடங்கிரக் கூடாதுன்னு மடியில வச்சிருக்கேன், இடிச்சா சொல்லுங்க. தென்காசியில ஏறும்போதே பாத்தேன், நல்ல மொகமா இருந்துச்சு, சரி இவிய பக்கத்துல ஒக்காருவோம்னு வந்தேன். யாருகிட்டயாவது சொல்லலன்னா எனக்கு மண்ட வெடிச்சிரும். வீட்டுக்காரரு கிட்ட சொல்லலாம்னா அவிய கேட்டுக்கிட்டே தூங்கிருவாவ.

போன்ல பாட்டு கேக்கப் போறியளா? கேளுங்க, கேளுங்க. ஒரு காதுல மாட்டிக்கிடுங்க, ஒரு காத எனக்கு வையுங்க.

எனக்கு சங்கரன்கோயிலு. பேரு ஆவுடைத்தங்கம். வடக்கு ரத வீதியில வாடகைப் பாத்திரக் கட இருக்குல்லா, அது நம்மதுதான். நாற்காலி, பந்தலு, அண்டா, குண்டா, சீரியல் லைட்டு... சடங்கு, கல்யாணம், துட்டி, எதுக்குன்னாலும் நம்ம கடதான். போர்டுல மட்டுந்தான் என் பேரு. ஏத்துறது, எறக்குறது, பந்தல் கெட்டுறது, வண்டி ஓட்டுறது எல்லாம் எங்க வீட்டுக்காரரு ஆனந்தகுமார். ஒரு குட்டியானை வண்டி வச்சிருக்கோம். அவிய ஒரு நாளக்கி நாலு வார்த்த பேசினா அதிகம். அதுலயும் பாதி ‘ம்’.

அந்தப் பெட்டி ஒனக்கு எதுக்குட்டின்னுதான் எல்லாரும் கேக்காவ. நல்ல கேள்விதான். எங்க அப்பா தவறுனது சித்திரயில தங்கச்சி. என்ன வெயிலு அது... தார் ரோடு செருப்புல ஒட்டும். எந்தம்பி செல்வமணி குவைத்துல இருக்கான். ‘யக்கா, நான் வந்துருதேன், மொகத்தப் பாக்காம எடுத்துராதிய’ன்னு போன்ல அழுதான். ஊருக்குள்ள இருந்த ஒரே பெட்டி வேற வீட்டுக்குப் போயிட்டு. அங்கன கேட்டு, இங்கன கேட்டு, ராசபாளையத்துலருந்து ஒண்ணு வந்து சேர பொழுது அடஞ்சிட்டு. மறுநாளு தம்பி வந்து எறங்குனான். ‘துணிய எடுக்கா, மொகத்தக் காட்டு’ன்னான். நான் காட்டல. பாக்குற மாதிரி இல்ல தங்கச்சி. காலத் தொட்டுக் கும்பிட்டுட்டு ஒக்காந்துட்டான். இன்னைக்கும் எங்கூட சண்ட வந்தா, ‘நீ மொகத்தக் காட்டலல்லா’ங்கான்.

அன்னைக்கே நெனச்சேன், நம்ம கடயில ஒரு பெட்டி கெடக்கணும்னு.

சரி, அத விடுங்க. மானியத்தோட கடன் தாராவன்னு பேங்குல சொன்னாவ. பொம்பளயளுக்குக் கூடவே சலுக இருக்காம். ஆனா திட்ட அறிக்கை குடுக்கணும்னுட்டாவ. அதான், என்ன தொழிலு, யாருக்கு, எப்பிடி ஓட்டப் போற, எப்பிடி திருப்பிக் கட்டப் போறன்னு வெவரமா எழுதிக் குடுக்கணும். நல்லா பலமா எழுதணுமாம். நான் எட்டாவது. ‘பலமா’ன்னா அமுக்கி எழுதணும்னுதான் நெனச்சேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பிரவின்ராஜுன்னு ஒரு பய கம்ப்யூட்டர் செண்டர் வச்சிருக்கான். போயி கேட்டேன். ‘யக்கா, என்ன தொழிலு’ன்னான். ‘ஐஸ் பெட்டி’ன்னேன். ‘ஐஸா? எங்கிட்ட ரெடியாவே இருக்கு, பேர மாத்துனாப் போதும்’னான். தலய நிமித்தல, செல்லுலயே இருக்கான். எனக்கும் சந்தோசம். இவ்வளவு சீக்கிரம் முடிஞ்சிட்டேன்னு. நாப்பது பக்கம், எல்லாம் இங்கிலீசு. மேல பளபளன்னு அட்ட. கையெழுத்தப் போட்டுட்டேன்.

வாசிச்சுப் பாக்கலயான்னு கேக்கியளாக்கும். எட்டாவதுன்னு இப்பத்தான சொன்னேன்.

தென்காசியில, மாவட்டத் தொழில் மையத்துல மொத இண்டர்வியூ. அவிய பரிந்துர பண்ணுனாத்தான் பேங்குல கடன். மேசைக்கி அந்தப் பக்கம் மூணு பேரு. நடுவுல ஒரு மேடம், பிரியதர்ஷினின்னு பேரு போட்டிருந்துச்சு, நல்ல பொம்பள, சின்ன வயசு. ‘சொல்லுங்கம்மா, என்ன தொழில்’னாவ. ‘துட்டி வீட்டுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடப் போறேன்’னேன். அறிக்கையத் தொறந்தாவ. வாசிச்சாவ. என்னப் பாத்தாவ. மறுபடி வாசிச்சாவ. பொறவு மெதுவா, ‘ஒங்க நிறுவனத்துப் பேரு கூல் கார்னரா’ன்னாவ.

எனக்குத் தெரியாதே. ‘இருக்கும் மேடம்’னேன்.

‘பள்ளிக்கூடம் விடுற நேரத்துல வாசல்ல நிறுத்துனா நல்லா ஓடும்னு போட்டிருக்கே.’

‘அப்பிடியா மேடம்’னேன்.

‘பிறந்தநாளுக்குத் தள்ளுபடி. குடும்பத்தோட வந்தா ஒண்ணு இலவசம்.’

பக்கத்துல இருந்த சாரு, ‘பார்சல் வசதியும் உண்டுன்னு இருக்கு மேடம்’னாரு.

ஐஸ்கிரீம் கட திட்டம் தங்கச்சி. எவனுக்கோ அடிச்சத எனக்கு பேர மாத்திக் குடுத்துட்டான், அந்த ஆக்கங்கெட்ட பய. அந்த மேடம் ஃபைல எடுத்து மொகத்த மறச்சிக்கிட்டாவ. தோளு ரெண்டும் குலுங்குது. இந்தப் பக்கம் இருந்தவரு தண்ணி குடிச்சாரு, பொற ஏறிட்டு. நான் அழுதிருப்பேன், ஆனா அவிய மொகத்தப் பாக்கையில எனக்கே சிரிப்பு வந்துட்டு. என்ன செய்ய.

அப்பந்தான் அந்த மேடம் சொன்னாவ. ‘அம்மா, யார்ட்டயும் குடுக்காதீங்க. நீங்களே எழுதுங்க, தமிழ்லயே எழுதுங்க. இது யாருக்கு வேணும், இப்ப எங்கருந்து வருது, வருசத்துக்கு எத்தன தடவ வேணும், அத எழுதுங்க. ஒரு மார்க்கெட் சர்வே பண்ணுங்க.’

அவிய நல்லபடியாத்தான் சொன்னாவ. நான் அவியளக் கொற சொல்லவே மாட்டேன். சர்வேங்கற அந்த ஒரு வார்த்ததான் என்னக் கெடுத்துட்டு.

இன்னா, சுரண்டை ஊரு வந்துட்டு. கடல வாங்குதியளா? வேண்டாமா? சரி.

சர்வேன்னா என்ன தங்கச்சி? மக்கள் தொக கணக்கெடுக்க வாரவிய என்ன பண்ணுதாவ? வீடு வீடாப் போயி கேக்காவ. அதான் சர்வே. எங்க மக பரிட்ச அட்ட கெடந்துச்சு, அத எடுத்துக்கிட்டேன். அவ காலேஜ் அடையாள அட்டக் கயித்தையும் கழுத்துல மாட்டிக்கிட்டேன், ஒரு மதிப்பா இருக்கட்டும்னு. எறங்கிட்டேன் தெருவுல.

மொத வீட்டுல மருமவ இருந்தா. ‘வீட்டுல அறுவதுக்கு மேல எத்தன பேரு’ன்னு கேட்டேன். முதியோர் பென்சனுக்கு எழுதுதாவன்னு நெனச்சிட்டா. நாற்காலி போட்டா, காப்பி தந்தா. ‘எங்க மாமியாருக்கு எழுவதுதான், நீங்க எம்பதுன்னு போட்டுக்கிடுங்கக்கா. நடக்க முடியாது, கண்ணு தெரியாது, ரொம்ப நாளு தாங்காதுன்னு போடுங்க’ங்கா. நானும் எழுதிக்கிட்டேன். கெளம்பையில, ‘எப்பம் வரும்’னா. ‘பேங்குல கையெழுத்துப் போட்டா ரெண்டு மாசத்துல பெட்டி வந்துரும்’னேன். ‘பென்சனு பெட்டியிலயா வரும்’னா. அப்பந்தான் வெவரம் சொன்னேன்.

அவ பின்னாலயே மாமியாக்காரி நிக்கா. கையில பூரிக்கட்ட. அந்த நடக்க முடியாத பொம்பள என்னத் தெருமுக்கு வரைக்கும் வெரட்டிக்கிட்டு வந்துச்சு.

அதோட விட்டிருக்கலாம். விடலயே நானு. எடுத்த காரியத்த முடிக்கணும்லா. அடுத்த தெருவுல சுந்தரராஜ் அண்ணாச்சி, நூல் மில்லுல வேல பாத்து ஓய்வானவிய. காலையில சட்ட போடாம, பேப்பர விரிச்சி ஒக்காந்திருப்பாவ. வாசல்ல நின்னு, ‘அண்ணாச்சி, செத்த உள்ள வரட்டுமா’ன்னேன். வாயில வார வார்த்த தங்கச்சி, செத்த நேரம்னு சொல்லுதோம்லா. அவிய பேப்பர மடக்கி வச்சாவ. கண்ணாடியக் கழட்டுனாவ. ‘நீ எதுக்கு வாரன்னு போன் வந்துட்டு. செத்த பொறவே வா’ன்னுட்டு கதவச் சாத்திட்டாவ.

கடையநல்லூர்லருந்து வந்து லுங்கி யாவாரம் பண்ணுத மைதீன் பாட்சா பாய் ஒருத்தருதான் நிக்க வச்சிப் பேசுனாரு. ‘எங்கள்ல ரொம்ப நேரம் வைக்க மாட்டோம்மா, சீக்கிரம் அடக்கிருவோம். எங்க வீடுகளக் கணக்குல சேக்காத, தப்பாப் போயிரும்’னாரு. அத மட்டும் ஒழுங்கா எழுதிக்கிட்டேன்.

இதுலயும் ஒரு கோட்டித்தனம் பண்ணுனேன் கேளுங்க. வருசா வருசம் எவ்வளவு ஓடும்னு பிரிச்சிக் காட்டணும்னு மேடம் சொல்லிருந்தாவ. நான் தொண்ணூறு தாண்டுனவிய மொத வருசம், எம்பது தாண்டுனவிய ரெண்டாவது வருசம், எழுவது தாண்டுனவிய மூணாவது வருசம்னு பிரிச்சிட்டேன். பேரோட. அத ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். கூட்டமா நின்னாவ, அங்கன இருந்த மேசயில வச்சிட்டு சில்லற தேடுனேன். அவ்வளவுதான். சாயங்காலம் டீக்கடயில ஒருத்தருக்கொருத்தரு, ‘ஒமக்கு எத்தனாவது வருசம் வே’ன்னு கேட்டுக்கிடுதாவளாம். சுந்தரராஜ் அண்ணாச்சி கடைக்கே வந்துட்டாவ. ‘எனக்கு எழுவத்தெட்டுதான், என்ன எப்பிடி ரெண்டாவது வருசத்துல போட்ட’ன்னு சண்ட. கிட்டத்தட்ட எம்பதுதானன்னு போட்டேன், அது ஒரு குத்தமா?

சிரிக்காதிய தங்கச்சி. பொறவு நடந்தது சிரிக்கித மாதிரி இல்ல.

எங்க கடைக்கி நேர் எதிர தங்கப்பழம் அண்ணாச்சி பலசரக்குக் கட. அவிய அப்பா எந்நேரமும் கல்லாப் பக்கத்துல ஒரு ஸ்டூலுல ஒக்காந்திருப்பாரு, எம்பது தாண்டுனவரு. தெனமும் காலையில என்னப் பாத்து, ‘என்ன ஆவுட, கடயத் தொறந்தாச்சா’ம்பாரு. சர்வேக்கிப் பொறவு என்னப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கிடுவாரு. தங்கப்பழம் அண்ணாச்சி மக கல்யாணத்துக்குப் பந்தலு, பாத்திரம், நாற்காலி எல்லாம் நமக்குத்தான் பேசிருந்தாவ. ஒருநா வந்து நின்னாவ. ‘தப்பா நெனைக்காதம்மா, நாங்க வேற கடயில சொல்லிட்டோம். நல்ல காரியம் பாரு’ன்னாவ. அந்த ‘நல்ல காரியம் பாரு’ங்கதுதான் எனக்கு இங்கன குத்துச்சு.

அதப் பாத்து ஒரு சடங்கு வீட்டுக்காரவிய வேண்டாம்னாவ. பொறவு ஒரு வளகாப்பு. நாற்காலியெல்லாம் அடுக்கின மேனிக்கி தூசி அடஞ்சி கெடக்கு. கோயிலுக்குப் போனா வரிசயில எனக்கு முன்னாலயும் எடம், பின்னாலயும் எடம். வயசாளிய என்னக் கண்டதும் அந்தப் பக்கம் போயிருதாவ. ஒரு பெட்டி வாங்கப் போயி இருக்குற கடயையும் மூடிருவேன் போலன்னு ஆயிட்டு.

அன்னைக்கி மத்தியானம் சோறு போட்டுக்கிட்டே ஒரே பொலம்பல் நானு. பிரவின்ராஜ ஏசுதேன், தங்கப்பழத்த ஏசுதேன், ஊர ஏசுதேன். ரசம் ஊத்தையில மூச்சு வாங்க நின்னேன். அந்த இடவெளியில எங்க வீட்டுக்காரரு தட்டப் பாத்துக்கிட்டே சொல்லுதாவ:

‘ஊருல எந்தத் துட்டி வீட்டுக்கு நாம நாற்காலி எறக்கல?’

கரண்டி கையிலயே நிக்கி எனக்கு.

‘பெட்டி எங்கருந்து வந்துச்சு, எப்பம் வந்துச்சு, வராம என்ன கஷ்டப்பட்டாவ, எல்லாம் பாத்துக்கிட்டுத்தான நிக்கேன். பந்தல் பிரிக்கித வரைக்கும் நான் அங்கனதான கெடக்கேன். எங்கிட்ட கேட்டா சொல்லிருப்பேன்ல’ன்னாவ.

எப்பிடி இருக்கும் எனக்கு? ‘இத மொதல்லயே ஏன் சொல்லல’ன்னு கத்துனேன். ‘சொல்லத்தான் வாரேன். நீ பேச விட்டாத்தான’ங்காவ. கேட்டியளா தங்கச்சி, பழி எம்மேல. அவிய வாய நான் பொத்துனேனா?

சரின்னு அட்டய எடுத்து ஒக்காந்தேன். அவிய சொல்லச் சொல்ல நான் எழுதுதேன். எந்தத் தெரு, எந்த மாசம், பெட்டி வாசுதேவநல்லூர்லருந்து வந்துச்சா, ராயகிரியிலருந்து வந்துச்சா, வெளிநாட்டுலருந்து மக்க வர்றதுக்கு எத்தன வீட்டுல காத்துக் கெடந்தாவ... ஒண்ணொண்ணா சொல்லுதாவ. ‘அந்த வீட்டம்மா ஐஸ் கட்டிய சாக்குல சுத்தி வச்சிட்டு விசிறிக்கிட்டே இருந்துச்சு’ங்காவ. கல்யாணம் ஆனதுலருந்து அவிய இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல. நடுவுல எங்க அப்பா வீடும் வந்துச்சு. ‘ஒங்க அப்பாவுக்குப் பெட்டி தேடி ராசபாளையம் போனது நாந்தான். வண்டிய இன்னும் வெரட்டிருக்கலாம்னு இப்பவும் தோணுது’ன்னாவ. நான் அத எழுதல. எழுத முடியல.

...ஒண்ணுமில்ல, காத்துல தூசி விழுந்துட்டு. சன்னல செத்த சாத்துங்க.

அப்பொறம் வெளியூரு பெட்டிக்காரவியளுக்கெல்லாம் போனு போட்டேன். யாரு கிட்ட எத்தன இருக்கு, வர எவ்வளவு நேரமாவும்னு தெரியணும்லா. ராயகிரிக்காரரு எடுத்ததும் ‘எந்தத் தெரு, எப்பம் வேணும்’னாரு. ‘இன்னும் யாரும் சாவலங்க, சும்மா விசாரிக்கேன்’னேன். ‘யம்மா, பைய பேசுங்க, வீட்டுல பெரியவங்க காதுல விழுந்துரப் போவுது’ன்னாரு, பாவம். பொறவு நானும் தொழிலுக்கு வாரேன்னு நெசத்தச் சொன்னேன். கோவப்படல. ‘ஒத்த ஆளா சமாளிக்க முடியலம்மா, நீங்களும் வாங்க’ன்னுட்டாரு.

வைகாசியில ஒருநா காலையில கடயத் தொறக்கேன், எதுத்தாப்புல அழுக சத்தம். தங்கப்பழம் அண்ணாச்சி அப்பா தவறிட்டாரு. தூக்கத்துலயே.

எத்தன வருசமா தெனம் ‘கடயத் தொறந்தாச்சா’ன்னு கேட்ட மனுசன். போயி அழணும். ஆனா நான் போனா என்ன சொல்லுவாவ? ‘இதுக்குத்தான காத்துக்கிட்டு இருந்தா இவ’ன்னு சொல்ல மாட்டாவளா? அவிய பேர நானே என் கையால ரெண்டாவது வருசம்னு எழுதி வச்சிருந்தேன். அதே கையால ஷட்டரப் பிடிச்சிக்கிட்டே நிக்கேன்.

தங்கப்பழம் அண்ணாச்சி தெருவுல நின்னு போனு பேசுறது கேக்கு. அவிய தம்பி மஸ்கட்டுல. நாளக்கித்தான் பிளேனாம். உள்ளூர்ப் பெட்டி வேற வீட்டுல இருக்காம். ‘பாத்துச் சொல்லுங்க, பாத்துச் சொல்லுங்க’ன்னு யாரு யாருகிட்டயோ கெஞ்சுதாவ. மணி ஏழு ஆவல, வெயிலு அப்பவே சுள்ளுன்னு.

நான் ராயகிரிக்காரருக்குப் போட்டேன். ‘இருக்கு, வண்டி அனுப்புங்க’ன்னாரு. திரும்பிப் பாக்கேன், எங்க வீட்டுக்காரரு குட்டியானைய ஸ்டார்ட் பண்ணி தெருமுக்குக்கே போயிட்டாவ. நான் ஒரு வார்த்த சொல்லல.

வெயில் ஏறுறதுக்குள்ள பெட்டி வந்து எறங்கிட்டு. தங்கப்பழம் அண்ணாச்சி எங்க வண்டியப் பாத்தாவ, எங்க வீட்டுக்காரரப் பாத்தாவ. ஒரு பக்கம் அண்ணாச்சி பிடிச்சாவ, ஒரு பக்கம் இவிய. நானும் நாற்காலியத் தூக்கிக்கிட்டு ரோட்டத் தாண்டுனேன். யாரும் என்ன எதுவும் கேக்கல. பொம்பளய எடம் விட்டாவ, ஒக்காந்து அழுதேன்.

மறுநாளு அந்த மஸ்கட் தம்பி பையக்கூட கீழ வைக்காம உள்ள வந்தான். அவிய அப்பா மொகம் தூங்குற மாதிரியே இருக்கு. கண்ணாடி மேல உள்ளங்கைய வச்சிக்கிட்டு, ‘யப்பா, நான் வந்துட்டேன்’னு சொல்லிக்கிட்டே இருந்தான். நான் வாசல்ல நின்னேன். எந்தம்பி நெனப்பு வந்துட்டு எனக்கு. எங்க வீட்டுக்காரரப் பாத்தேன். அவிய பந்தக்கால் கயித்த முறுக்கிக்கிட்டு இருந்தாவ. அந்தக் கயிறு நல்லா இறுகித்தான் இருந்துச்சு, முறுக்க வேண்டியதே இல்ல.

காரியமெல்லாம் முடிஞ்சி தங்கப்பழம் அண்ணாச்சி கடைக்கி வந்தாவ. மொட்ட போட்ட தல. ‘ஆவுட, ஒனக்கு இண்டர்வியூல குடுக்க என்ன எழுதித் தரணும்’னாவ. அவ்வளவுதான். மன்னிப்பு கின்னிப்பெல்லாம் இல்ல. எனக்கும் வேண்டாம். நடந்தத நடந்த மாதிரியே எழுதித் தந்தாவ. பின்னாலயே சுந்தரராஜ் அண்ணாச்சி. ‘ஏட்டி, எம்பேரு இன்னும் அதுல இருக்கா’ன்னாவ. ‘எல்லார் பேரையும் எடுத்துட்டேன் அண்ணாச்சி’ன்னேன். ‘அப்பம் நான் சாவ மாட்டேன்னு எழுதிருக்கியா? அதுக்குக் கீழ ஒரு கையெழுத்துப் போட்டுத் தா’ன்னாவ. என்ன ஆளு பாருங்க. அதுக்குப் பொறவு நாற்காலி, பந்தலுக்கும் ஆளு திரும்ப வர ஆரம்பிச்சிட்டு.

இன்னைக்கி ரெண்டாவது இண்டர்வியூ. அதே மேடம், அதே சாருமாரு. இந்தத் தடவ பதினோரு பக்கந்தான், எல்லாம் தமிழு, எங்கையெழுத்து. மேடம் ஒவ்வொரு பக்கமா வாசிச்சாவ. பொற ஏறுன சாரு, ‘எல்லாம் சரிம்மா, வருசா வருசம் வளர்ச்சி எவ்வளவுன்னு போடவே இல்லயே’ன்னாரு. ‘போடல சார்’னேன். ‘வளர்ச்சி காட்டாத தொழிலுக்கு எப்பிடிம்மா பேங்குல குடுப்பாங்க’ன்னாரு. தங்கச்சி, என் வாய்க்கி வார்த்த வரல. எனக்கு. நம்ப முடியுதா?

மேடந்தான், ‘சார், கடைசிப் பக்கத்தப் பாருங்க’ன்னு எடுத்து வாசிச்சாவ. அது எங்க வீட்டுக்காரரு சொல்லி நான் எழுதுனது. ‘இந்த வருமானம் பெருக வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. வருடம் முழுவதும் எங்கள் ஊரில் ஒருவரும் இறக்காவிட்டாலும், நாற்காலி, பந்தல் வருமானத்தில் தவணையைக் கட்டிவிடுவோம்.’ வாசிச்சிட்டு மேடம் ஃபைல சாரு பக்கம் நவுத்துனாவ. அந்தச் சாரு பேனாவத் தொறந்தாரு. பேங்குக்குப் பரிந்துர பண்ணிட்டாவ.

இனி பேங்குல என்ன கேப்பாவளோ. பெட்டி விக்கிறவன் குடுத்த விலைக் கொட்டேசன்ல சீல் மங்கலா இருக்குன்னு ஏற்கெனவே ஒரு தடவ அலய விட்டுட்டாவ. அதுக்கு ஒருதரம், போட்டோவுல காது தெரியலன்னு ஒருதரம். என் காத வச்சி என்ன செய்யப் போறாவளோ. வீட்டுக்காரருக்குப் போனு போட்டு ‘பரிந்துர பண்ணிட்டாவ’ன்னு சொல்லுதேன், ‘ம்’ங்காவ. ஒரு மனுசனுக்குக் கொஞ்சமாவது சந்தோசம் வேண்டாம்? பொறவு நம்ம கடைக்கிப் போன ஒருத்தன் எனக்குப் போன்ல சொல்லுதான், அவிய தெரு பூரா முட்டாயி வாங்கிக் குடுத்துக்கிட்டு இருக்காவளாம். எங்கிட்டச் சொன்னா என்ன?

சேர்ந்தமரம் தாண்டியாச்சுல்லா? பேசுனதுல நேரம் போனதே தெரியல. ஒங்களுக்கும் அப்பிடித்தான் இருந்திருக்கும்.

ஆமா, முன் சீட்டுல இருக்கவிய அடிக்கொருதரம் திரும்பித் திரும்பிப் பாக்காவளே, ஒங்க கூட வந்தவியளா? மாமனாரா... நல்லது, நல்லது. நல்ல களயான மொகம். இருமல் இருக்கோ? பனிக்கி இருக்கும். நடக்கையில மூச்சு வாங்குமா? இல்ல, சும்மாதான் கேக்கேன். வயசு என்ன இருக்கும், எம்பது...? ஒங்க வீட்டுக்காரரு எங்க இருக்காவ, உள்ளூரா வெளிநாடா?

என்ன எந்திரிச்சிட்டிய? இது வீரசிகாமணி தங்கச்சி. கண்டக்டர்ட்ட சங்கரன்கோயில் ரெண்டுன்னு கேட்டது என் காதுல விழுந்துச்சே. இங்கன சொந்தக்காரவிய வீடா... சரி சரி. பைய விட்டுறாதிய. மாமாவப் பாத்து எறக்குங்க, படி ஒசரமா இருக்கு. கைத்தாங்கலாப் பிடிங்க.

மாமா, நீங்க நல்லா நூறு வருசம் இருக்கணும். அவசரப்படாம வாங்க. சங்கரன்கோயில் வந்தா வடக்கு ரத வீதியில ஆவுடைத்தங்கம் கடைன்னு கேளுங்க, யாரும் காட்டுவாவ.

நாற்காலிக்கித்தான் சொல்லுதேன் தங்கச்சி, நாற்காலிக்கி...